மேஸ்திரிக்கு முதல் பிடி மண்

தங்கச் சுரங்கத்து ஊரான கோரமண்டலில் ஜாய் என்று கேட்டால் இரண்டு பேரைக் காட்டுவார்கள். இவள் கொர்னேலியசின் கடைசி மகள். கொர்னேலியசின் தகப்பனை வேலூர்ப் பக்கமிருந்து கூட்டிவந்து சுரங்கத்தில் பேர் எழுதவைத்தவர் ஒரு மேஸ்திரி. அவர் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டுக் கல்யாணத்தில் முதல் தாம்பூலம் அவருக்குத்தான். சாவு விழுந்தாலும் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் முதல் பிடி மண் அவர் கையால் விழவேண்டும். வேலை வாங்கித் தந்தவருக்கு அந்தக் குடும்பம் வைத்திருந்த மரியாதை அது. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மரியாதையை மட்டும் யாரும் மூடவில்லை.

மேஸ்திரியின் இடத்துக்கு இப்போது வந்தவன் ஹரோல்ட். பக்கத்து ஊரிகம் சுரங்கத்தில் ஆள் வருகை எழுதிய டைம் ஆபீஸ் கிளார்க்கின் பேரன். அவன் அம்மாவும் ஜாயின் அம்மா பாக்கியவதியும் ஒரே சர்ச்சில் பாட்டுக்குழுவில் நின்றவர்கள். பெங்களூரில், மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு விடும் கம்பெனியில் அவன் மேனேஜர். புருஷன் விட்டுப்போன ஜாயை அங்கே போன் எடுக்கச் சேர்த்துவிட்டான். விடிகாலை ரயிலில் போய், இருட்டியபின் வருவாள். ஊரில் அவன் அண்ணா, ஆபீசில் சார்.

முதல் ஆறு மாதம் அவனைப்போல் நல்லவன் கிடையாது என்றுதான் அவளும் நினைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்த வீட்டுக்கு எந்த மெஷின், எப்போது சர்வீஸ் என்று அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து தயார் செய்த பட்டியலை, முதலாளியிடம் தன் யோசனை என்று காட்டினான். அவள் எதிரிலேயே காட்டினான். மீட்டிங்கில் ஏதோ கேள்வி கேட்ட டென்சில் என்கிற பையனோடு பத்து நாள் பேசவில்லை. கண் எதிரில் நின்றாலும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பதினோராவது நாள் டென்சிலே ஸ்வீட் டப்பாவோடு போய் மன்னிப்புக் கேட்டான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. எல்லாரும் இருக்கும்போது ஹரோல்ட் சிரித்துக்கொண்டே சொல்வான்: “இந்த ஜாய்க்கு மவுஸ் புடிக்கக் கத்துக்குடுத்ததே நான்தான். லைன் வீட்டுப் பொண்ணு, பாவம்.”

அவனும் சுரங்கத்துக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட அதே லைன் வீட்டில் பிறந்தவன்தான். அதை அவள் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. கொர்னேலியசின் நெஞ்சு முழுக்கக் கல்தூசி. முப்பது வருஷம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி அடி லெவலில் கல் உடைத்தவர். கட்டிலோடு கிடந்தவருக்கு, யாரோ திருப்பிக் கொடுத்த பழைய மெஷின் ஒன்றை ஹரோல்ட் கொண்டுவந்து வைத்தான். வைக்கும்போது போட்டோ. மாதம் ஒருமுறை வந்து பார்க்கும்போதும் போட்டோ. கிழவர் முகத்தில் குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்து நிற்பான். அது ஆபீஸ் வாட்ஸ்அப்பில் வரும். அத்தனை பேரும் கைகூப்புவார்கள். ஜாயும் கைகூப்பவேண்டும். ஒருமுறை மறந்துவிட்டாள். மறுநாள் அவன் அவளைப் பார்க்கவில்லை.

கம்பெனியின் பத்தாவது ஆண்டுவிழா வந்தது. பம்பாயிலிருந்து முதலாளி வருகிறார், ஹரோல்டுக்கு ஷீல்டு தருகிறார்கள். அன்று காலை பத்து மணிக்குப் பாக்கியவதி போன் செய்தாள். நைனாவின் நகமெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது, உடனே கிளம்பி வா என்றாள். ஜாய் ஓடிப்போய் லீவு கேட்டாள். ஹரோல்ட் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

“இத்தினி மாசம் உங்க நைனாவ மூச்சு உட வச்சது யாரு?”

“நீங்கதான் சார்.”

“எனக்குன்னு ஒரே ஒரு நாளு. அதுவும் உனக்குப் பொறுக்கலியா ஜாய்? மேடையில உன்ன நிக்க வெக்கணும்னு இருக்கேன். அப்புறமா போ.”

ரயில் இருந்தது. கால் இருந்தது. ஆனால் அவள் நின்றாள். மேஸ்திரி நில் என்றால் நின்ற வம்சம்.

மூன்றரை மணிக்கு மேடையில் ஏற்றினார்கள். ஹரோல்ட் அவள் தோளில் கைபோட்டு மைக்கைப் பிடித்து, இவளுடைய அப்பா இன்று உயிரோடு இருக்கிறார் என்றால் அதற்கு இந்த ஒரு மனிதன் காரணம் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். கைதட்டல் ஓய வெகுநேரமானது. கீழே இறங்கிக் கைப்பையைத் திறந்தாள். பதினோரு மிஸ்டு கால். கொர்னேலியஸ் மூன்றே முக்காலுக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் அடக்கம். ஹரோல்ட் வரும்வரை பெட்டியை இறக்கவேண்டாம் என்று பாக்கியவதியே சொன்னாள். வேலை தந்தவர் அல்லவா. ஒன்றரை மணி நேரம் வெயிலில் காத்தார்கள். வந்தான், கறுப்புக் கண்ணாடியோடு. பழக்கப்படி முதல் பிடி மண்ணை அவன் கையில் கொடுத்தார்கள். போட்டான். போட்டோ எடுத்தவனைத் திரும்பிப் பார்த்தான். சரியாக விழவில்லை போலிருக்கிறது. குனிந்து இன்னொரு பிடி எடுத்து மறுபடி போட்டான். ஜாய் கையில் மண்ணோடு காத்துக்கொண்டு நின்றாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து காபி குடித்தான். எழுந்தபோது டிரைவரிடம் மெல்லச் சொன்னான், அந்த மெஷினை மறக்காமல் வண்டியில் ஏற்றச் சொல்லி.

திங்கட்கிழமை ஆபீசில் எல்லாரையும் கூட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினான். “பெரியவரு கடைசில என் கையப் புடிச்சிகினுதான் போனாரு. அந்தப் புடி இன்னும் இங்க இருக்குது. இல்லியா ஜாய்?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தகப்பன் செத்த நேரத்தில் பக்கத்தில் இருக்கவிடாமல் செய்தவன், இப்போது அந்த இடத்தில் தானே போய் உட்கார்ந்திருந்தான்.

“இல்ல சார்,” என்றாள். “எங்கம்மா கையப் புடிச்சிகினு போனாரு. அப்ப நீங்க மைக்ல பேசிகினு இருந்தீங்க. நான் உங்க பக்கத்துல நின்னுகினு இருந்தேன்.”

ஹரோல்ட் நாற்காலியில் சாய்ந்தான். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், யாரோ முதுகைத் தடவினார்கள். ஆள் எடுக்கும் மமதா மேடம் ஜாயைத் தனியே கூப்பிட்டு, இவ்வளவு செய்த மனுஷனை இப்படி நோகடிக்கலாமா, மன்னிப்புக் கேள் என்றாள். சமாதானம் செய்தவர்களில் டென்சிலும் இருந்தான். ஜாய் கதவருகே நின்று பார்த்தாள். ஹரோல்ட் தண்ணீர் டம்ளரை வாயில் வைத்தபடி, அதன் விளிம்புக்கு மேலே, யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாக எண்ணிக்கொண்டிருந்தான். கண் ஈரம்தான். உள்ளே ஒன்றும் இல்லை. கிழவரின் கட்டிலருகே குனிந்து நின்றபோதும் இதே கண்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

அவள் வீடு திரும்புவதற்குள் சேதி கோரமண்டலுக்கு வந்துவிட்டது. வீட்டில் மெஷின் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் நாலு சக்கரத் தடம். பாக்கியவதி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா இருந்தாலும் மெஷினு குடுத்தவரு. நாளைக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வேலையப் பாரு.”

“நைனா கடசியா இன்னா கேட்டாரும்மா?”

“உன்னத்தான். ஜாய்க்கு ஷிப்ட் முடிஞ்சிதா, ஜாய்க்கு ஷிப்ட் முடிஞ்சிதான்னு. மூணு வாட்டி.”

“நீ இன்னா சொன்ன?”

பாக்கியவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “முடிஞ்சிது, வாசல்ல செருப்பு கழட்டிகினு இருக்கான்னு சொன்னேன். வாசப்பக்கம் தலைய திருப்பனாரு. திருப்பனது திருப்பனபடிதான்.”

மறுநாள் விடிகாலை ரயில் கோரமண்டலில் நின்று கிளம்பியது. ஜாய் அதில் இல்லை. அந்த வாரமே அவளுடைய நாற்காலியில் ஆண்டர்சன்பேட்டைப் பெண் ஷில்பாவை உட்காரவைத்தார்கள். ஹரோல்டுதான் சேர்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஷில்பாவின் அம்மா சர்ச்சில் அவனுக்காக நன்றி ஜெபம் ஏறெடுத்தாள். பாக்கியவதியும் மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னாள்.