கம்பி இறங்கிய காணி

ரொபர்ட் தன் கம்பியை ஒருநாளும் தரையில் படுக்கப் போடமாட்டார். படுத்த இரும்பு வளையும், வளைந்த இரும்பு மண்ணுக்குள் போனால் பொய் சொல்லும் என்பார். அவருடைய மனைவி லூர்தம்மா இதைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். “மனுசர் சுருண்டு மடங்கிப் படுப்பாரு. கம்பி மட்டும் நிமிந்து நிக்கணும். எனக்குச் சக்களத்தி இரும்புல வந்திருக்கு பாருங்கடி.”

நிவித்திகலைக்கு மேலே உள்ள தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டுவது ரொபர்ட்டின் வேலை. ஆனால் அக்கம்பக்கத்து ஊர்களில் அவரைத் தெரிந்தது அந்த வேலையால் அல்ல. மாணிக்கக் குழி தோண்ட நினைப்பவர்கள், மண்வெட்டியை எடுக்குமுன் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாணிக்கம் கிடக்கக்கூடிய சரளைப் படுகைக்கு இந்தப் பக்கத்தில் இல்லம் என்று பேர். அது கீழே இருக்கிறதா, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க, இரண்டு ஆள் உயரக் கம்பி ஒன்றை மண்ணுக்குள் இறக்க வேண்டும். களிமண்ணில் கம்பி வாய் திறக்காது. மணலில் இரையும். சரளையில் பட்டால், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு கறகறப்பு மணிக்கட்டு வழியே ஏறித் தோளில் வந்து நிற்கும்.

கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பி இதற்கு ஆகாது. அது மண்ணைப் பிறாண்டிக்கொண்டு தன் சத்தத்தையே கேட்க வைக்கும். நிவித்திகலையில் ஜாபிரின் பழைய இரும்புக் கடையில், வழவழப்பான கம்பிகளாகப் பொறுக்கி எடுத்து, ஒரு நுனியைக் கல்லில் தட்டி, மறு நுனியைத் தன் தோள்பட்டை எலும்பில் வைத்துப் பார்த்தார் ரொபர்ட்.

“என்ன, கம்பிக்குக் காய்ச்சலா?” என்றார் ஜாபிர்.

“மூச்சு இருக்கான்னு பாக்கிறேன் மொதலாளி.”

தட்டி நிறுத்திய பிறகும் எலும்பில் நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்த ஒன்றை வாங்கி, பட்டறையில் அதன் நுனியை நாலு பட்டையாக அடித்து எடுத்தார். ஊசியாக இருந்தால் சரளைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய்விடும். மொண்ணையாக இருந்தால் மரவேரையும் கல் என்று சொல்லும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். எண்ணெய்த் துணியால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகத் துடைப்பார். பிறகு அவர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் நிற்கும் பலா மரத்தில் செங்குத்தாகத் தொங்கவிடுவார். அதற்குமுன் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்த மண்ணை விரலில் எடுத்து, நிறம் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிடுவார்.

கம்பி பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குடியிருக்கிற மண்ணிலும் குடியிருக்கப் போகிற மண்ணிலும் கம்பி இறக்கமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ரொபர்ட், “கீழ இருக்கிறது தெரிஞ்சுபோச்சுன்னா மேல படுத்துத் தூங்க ஏலாது” என்பார்.

அதனால்தான் தோட்டத்து ஆட்களுக்கு வீடு கட்டச் சீட்டுக் குலுக்கி ஏழு பேர்ச் அளவுக் காணி கிடைத்தபோதும் அவர் அதைக் கண்ணால் மட்டுமே பார்த்தார். ஓடைக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில், நல்ல சமதரை. லூர்தம்மா லயத்தில் பிறந்தவள். ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றிலிருந்து இன்னொரு காம்பிராவுக்குத்தான் கலியாணம் முடித்து வந்தாள். மகள் ஸ்டெபானி அவிசாவளையில் புருசனோடும் குழந்தையோடும் வாடகைக்கு இருக்கிறாள். “படுக்க எடமில்லையேம்மா” என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வராமல் நின்றுவிடுவாள். இந்த நத்தாருக்குள் கூரை ஏறிவிட வேண்டும் என்பதுதான் லூர்தம்மாவின் ஒரே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பங்குச் சுவாமி வந்து காணியை மந்திரித்து மூலைக்கல் வைப்பதாக ஏற்பாடு.

முதல்நாள் சனிக்கிழமை, வேறு ஊரில் கம்பி பார்த்துவிட்டு, ரொபர்ட் காணி வழியாகத் திரும்பினார். மேசன் அஸீஸ் பாஸும் லூர்தம்மாவும் அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வந்துட்டீங்களா, இந்தக் கயித்தப் புடிங்க. பாஸ் அந்த முனைக்குப் போகணும்.”

கயிற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். கம்பியைச் சாத்திவைக்க அங்கே ஒரு மரமும் இல்லை. படுக்கப் போட மனம் வராது. எனவே ரொபர்ட் யோசிக்காமல் அதை மண்ணில் ஒரு சாண் குத்தி நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். கம்பி பார்ப்பதற்காக இறக்கவில்லை, நிற்பதற்காகத்தான் குத்தினார்.

பாஸ் முதல் முளையை அடித்து முடித்து, ரொபர்ட் திரும்பியபோது கம்பி குள்ளமாகியிருந்தது.

வெயில் சாய்ந்ததால் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். அது அசைவதாகத் தெரியவில்லை. மணிக்கூட்டு முள் அசைவதும் தெரியாதுதானே. அடுத்த முளை இறுகியபோது கம்பி அவருடைய நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. ஓடிப்போய்ப் பிடித்தார். கம்பி உள்ளங்கையில் மெல்ல அதிர்ந்தது. இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கீழே யாரோ யோசித்துவிட்டுக் கையை எடுத்ததுபோல, கம்பி இலேசாக மேலே வந்தது.

நுனியில் மண் இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. கம்பி முழுவதும் எண்ணெய் மினுக்கம். மேலிருந்து கீழே, ஒரே இழுப்பாக, யாரோ துடைத்திருந்தார்கள்.

“மண்ணு எப்பிடி ஈக்கிது?” என்று மறுமுனையிலிருந்து அஸீஸ் பாஸ் கத்தினார்.

“இருக்கு பாஸ்” என்றார் ரொபர்ட்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஓடைக்கரைக்கு இறங்கினார். அங்கே முன்பு ஒரு மாணிக்கக் குழி இருந்தது. அதிலிருந்து சுரங்கம் காணிக்குக் கீழே வந்திருக்கலாம். திருட்டுத்தனமாக யாராவது உள்ளே வேலை செய்யலாம். அப்படி இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டே போனார். குழிவாய் தூர்ந்து கிடந்தது. மேலே பன்னச் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஒரு தண்டுகூட மிதிபட்டிருக்கவில்லை.

திரும்பி வந்து, இந்த முறை தெரிந்தே காணியில் கம்பியை இறக்கினார். கொஞ்சத் தூரத்துக்கு மண். அதன்பிறகு ஒன்றுமில்லை. வெறும் இடத்தில் கம்பி தொங்கியது. மாணிக்கக் குழிகளில் மேலே நிற்பவர்கள் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கீழே இருப்பவர்கள் சுகமாக இருந்தால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். ரொபர்ட் ஒரு கல்லை எடுத்துக் கம்பியில் இரண்டு தரம் தட்டிவிட்டு அதில் காதை வைத்தார்.

எதிரொலி என்றால் உடனே வந்திருக்கும். இது தாமதித்து வந்தது, கையில் இருந்ததை யாரோ கீழே வைத்துவிட்டு வந்து தட்டியதைப்போல. இரண்டு தட்டு.

“என்ன காரியம் பண்றீங்க!”

பின்னால் லூர்தம்மா, சுவாமி வருவதற்காக மெழுகுதிரியும் பூவும் வைத்த தட்டோடு நின்றாள்.

“இங்க கட்ட வேணாம் லூர்து.”

“ஏன்? இல்லம் இருக்கா? இருந்தா இருந்திட்டுப் போவுது. நமக்கு மாணிக்கம் வேணாம், சொவர்தான் வேணும்.”

“இல்லமில்ல. ஆளுங்க இருக்காங்க.”

லூர்தம்மா அவருடைய வாயை முகர்ந்து பார்த்தாள். குடி வாசம் இல்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது. “சீட்டுல விழுந்த காணி. இத விட்டா எனக்கு இன்னொண்ணு சவக்காலைலதான் கெடைக்கும். தள்ளுங்க அங்கிட்டு!” தட்டைக் கீழே வைத்து, முழங்கால் போட்டு, சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கம்பியில் காதை வைத்தாள்.

நெடுநேரம் வைத்திருந்தாள். முகத்தில் இருந்த கோபம் மெல்லக் கழன்றது.

“தட்டுறாங்களா?” என்றார் ரொபர்ட்.

“தட்டல. பேசுறாங்க. பொம்பளைங்க.” குரலைத் தாழ்த்தினாள். “நம்ம தோட்டத்துப் பேச்சுத்தாங்க.”

“என்ன பேசுறாங்க?”

அவள் கையைக் காட்டிச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு மீண்டும் கேட்டாள். “அடுப்ப எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு.”

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். முளைகளை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிச் சத்தமில்லாமல் பிடுங்கினாள். கயிற்றைச் சுற்றி எடுத்தாள். ரொபர்ட் கம்பியை உருவினார். அந்த ஓட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் அஸீஸ் பாஸ் அடுக்கி வைத்திருந்த செங்கல்லில் ஒன்றை எடுத்து மேலே வைத்தார்.

“ஸ்டெபானிக்கு என்ன சொல்றது?”

“லயத்து வாசல் இஸ்தோப்புல பாய் போடுவோம்னு சொல்லுங்க. வரட்டும்.”

“சுவாமி வருவாரே லூர்து. அவர்கிட்ட?”

லூர்தம்மா பூத்தட்டை எடுத்துச் செங்கல்லின் பக்கத்தில் வைத்தாள். “வந்து மந்திரிச்சிட்டுப் போவட்டும். கீழ இருக்கிறதும் வீடுதானே.”

பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலால் லயத்தை நோக்கி ஏறத் தொடங்கினாள்.