லக்கேஜ் வண்டியில் வந்த தங்கை

துபாய்க்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. விமானத்தில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்கள் தங்கள் பெட்டிகளை முன்பின் தெரியாத என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அவர்கள் பஸ்ஸில் போவார்கள். நான் பெட்டிகளை வேனில் அடுக்கி, விமான நிலையத்திலிருந்து கப்பல் துறைக்கு ஓட்டிக்கொண்டு போவேன். ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் கப்பலின் அறை எண் போட்ட அட்டை தொங்கும். துறையில் சுமைக்காரர்கள் அதைப் பார்த்துக் கப்பலுக்குள் ஓடும் பெல்ட்டில் போடுவார்கள். சாயங்காலம் அவரவர் அறை வாசலில் அவரவர் பெட்டி வந்து நிற்கும். பனிக்காலம் முழுவதும் எனக்கு இதுதான் வேலை. ஒருவர்கூட என்னிடம் "பத்திரம்" என்று சொன்னதில்லை. நம் பக்கத்தில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் பாருங்கள். பெஞ்சு காலியாக இருந்தாலும் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள். மொட்டை போட்டுக்கொள்ளத் திருப்பதிக்கு வருகிறவர்கள் தலைமுடியை முழுசாகச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, மூட்டையை மட்டும் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள்.

போன பனிக்காலத்தில் முனிரத்தினம் போன் செய்தான். அவன் என் அத்தை மகன். என் தங்கை வசந்தாவின் புருஷன். ஆந்திராவில் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருக்கிறான். ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்த பிறகு சிமெண்ட், கம்பி வியாபாரம் செய்கிறான்.

"மச்சான், நல்லா கீறியா? சிமெண்ட் கம்பெனிக்காரன் டீலருங்கள எல்லாம் ஜோடியா கப்பல்ல கூட்டிக்கினு போறான். உங்க ஊர்லதான் ஏறணுமாம். வசந்தா இப்பவே பொட்டிய தொறந்து தொறந்து மூடிக்கினு கீறா."

"சந்தோஷம் மாப்ள" என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. நான் இந்தத் துறைக்கு எத்தனை பெட்டி கொண்டுபோயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கப்பலுக்குள் ஒருமுறையும் கால் வைத்ததில்லை.

ஏன் அப்படி வயிறு எரிந்தது என்று சொல்ல வேண்டும். ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இது கேவலமாகத் தெரியலாம். என்னைப் போல வெளியில் இருக்கிறவர்களுக்கு விளங்கும். எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் நிலம் கிடையாது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் காலத்தில்தான் அரசாங்கம் ஆளுக்குக் கொஞ்சம் கல்லுக்கொல்லி, கல் மண்டிய மேட்டு நிலம், கொடுத்தது. அதில் கம்பு விதைத்தால் கல்தான் முளைக்கும் என்று ஊரே சிரித்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். மாங்காய்ப் பருவத்தில் சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் லாரியிலிருந்து கூடை இறக்கினேன். ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்த காலத்தில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து நானும் இங்கே வந்தேன். வசந்தா கல்யாணத்தின்போது, "எனக்கு எதுக்கு அந்தக் கல்லு? தங்கச்சி பேருக்கு எழுதிடுங்க" என்று போனில் சொன்னவன் நான்தான். சொல்லும்போது பெருமையாக இருந்தது. துபாயில் இருக்கிறவனுக்குக் கல்லுக்கொல்லி என்ன கணக்கு என்று நினைத்தேன். ஐந்தாறு வருடம் கழித்து அந்தப் பக்கம் முழுவதும் தொழிற்சாலைகளுக்கு எடுத்தார்கள். நஷ்டஈடு முழுவதும் வசந்தா பேருக்கு வந்தது. எங்கள் கொல்லி மேல் இன்று கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் ஓடுகிறது. அந்தச் சுவருக்கே சிமெண்ட் சப்ளை செய்தவன் முனிரத்தினம்.

எங்கேயும் போகாதவனுக்கு எல்லாம் தேடி வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எனக்கு வந்த ஒரே மாற்றம், சின்ன வேனிலிருந்து பெரிய வேன்.

முன்பெல்லாம் வேறு மாதிரி இருந்தது. நான் லீவில் போகும்போது சென்னை விமான நிலையத்துக்கு அவன்தான் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வருவான். கயிறு கட்டிப் பெயர் எழுதிய என் அட்டைப் பெட்டியை டிராலியில் வைக்க விடமாட்டான். தலையில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடப்பான். "துபாய்க்காரன் வர்றான், வழி வுடுங்க" என்று கத்துவான். நான் கூச்சத்தில் பத்தடி பின்னால் நடப்பேன். கூச்சம்தான், ஆனால் பிடிக்காமல் இல்லை.

அவர்கள் வந்த நாளில் விமானம் தாமதம். கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்த மும்பைப் பெண் சிறிய கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர் சுற்றல் கிடையாது, பஸ் நேராகத் துறைக்குப் போகும் என்று அறிவித்தாள். நான் சீருடையில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இருபது டீலர்கள், இருபது மனைவிகள், மலை போலப் பெட்டிகள். முனிரத்தினம் வெள்ளை ஷூ போட்டிருந்தான். கையில் பெரிய கடிகாரம். வசந்தா புடவைக்கு மேலே ஸ்வெட்டர் மாட்டி, தோளில் தோல் பை தொங்கவிட்டிருந்தாள். அந்தப் பையைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. என் பெண்டாட்டி ஊரில் இன்னும் துணிக்கடைப் பையைத்தான் தூக்கிக்கொண்டு போகிறாள்.

"ஏம் பாவா!" என்று தெலுங்கில் மச்சான் முறை சொல்லிக் கத்திக்கொண்டு வந்து கட்டிக்கொண்டான். பிறகு குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கப் போனான்.

"உடு மாப்ள, என் வேல இது."

"என் பொட்டிய நான் தூக்கக் கூடாதா? எத்தினி வாட்டி உன் பொட்டிய தூக்கிக் கீறேன்!"

நெல்லூர் டீலர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, யார் என்று கேட்டார். "என் மச்சான் சார். இங்க டிரான்ஸ்போர்ட் லைன்ல இருக்காரு" என்றான் முனிரத்தினம். நான் பெட்டி தூக்குகிறவன் என்று அவன் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வசந்தா பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றாள். "அண்ணன் வண்டியில வர்றோம்." மும்பைப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில்தான் அவள் மைக்கில் எல்லாவற்றையும் விளக்குவாள்: துறையில் எந்த வரிசையில் நிற்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைப் பெட்டியில் போடக் கூடாது என்று. முனிரத்தினம் என்னைக் காட்டி, "இவருக்குத் தெரியாததா?" என்றான். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

முனிரத்தினம் எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தான். வசந்தா பின்சீட்டில். அவர்கள் பெரிய பெட்டியை மட்டும் பின்னால் ஏற்ற விடாமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். "ஏசி ஜில்லுனு கீது மச்சான். நம்ம கார்ல இவ்ளோ வராது" என்றான் அவன். அவனிடம் கார் இருக்கிறது என்பதை நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

பாலத்துக்கு முன்னால் சிக்னல் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வசந்தா பெட்டியைத் திறந்து ஒரு மஞ்சள் துணியை மடியில் விரித்திருந்தாள். அதில் ஒரு ரூபாய்க் காசை வைத்தாள். தோல் பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துக் காசின் மேல் வைத்தாள். எங்கள் வீட்டு வழக்கம் அது. ஏழுமலையானுக்கு நேர்ந்து காசு முடிந்துவைக்கும்போது, காப்பாற்ற வேண்டிய காகிதத்தையும் சேர்த்து முடிவோம். கல்லுக்கொல்லியின் பட்டா வந்தபோது நைனாவும் அப்படித்தான் முடிந்துவைத்தார். முடிந்ததைத் திருப்பதிக்குப் போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாது. விமான நிலையத்தில் முத்திரை குத்தியாகிவிட்டது, இனி ஊர் திரும்பும்போதுதான் பாஸ்போர்ட் வேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். மூன்று முடிச்சுப் போட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புடவைகளுக்கு அடியில் செருகிப் பெட்டியைப் பூட்டினாள்.

"பாஸ்போர்ட்ட பத்திரமா வெச்சியா?" என்று திரும்பாமலே கேட்டான் முனிரத்தினம்.

"சாமிகிட்டயே குட்த்துட்டேன்."

அவன் சிரித்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தான். வசந்தா தலை நிமிர்ந்தாள். கண்ணாடியில் என் கண்ணும் அவள் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன. அந்தப் பெட்டி துறை வாசலிலேயே கையை விட்டுப் போய்விடும். கப்பலில் ஏறும் முன் கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்பார்கள். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். சிக்னல் பச்சையானது. நான் பார்வையைச் சாலைக்குத் திருப்பினேன்.

நான் சொல்லாமல் இருந்தது மறதியால் இல்லை. துறை வரை இருபது நிமிடம் ஓட்டினேன். ஒவ்வொரு நிமிடமும் சொல்லியிருக்கலாம். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவன் வாசலில் நின்று உள்ளே போக முடியாமல் திரும்பட்டும் என்று இருந்தது. வெள்ளை ஷூவோடு என் அறைக்கு வந்து, ஆறு பேர் படுக்கிற இரும்புக் கட்டில்களுக்கு நடுவே தரையில் உட்காரட்டும் என்று இருந்தது. நான் எப்போதும் பேசாதவன். அதனால் அன்றைய மௌனம் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

துறை வாசலில் வங்காளதேசத்துச் சுமைக்காரர்கள் வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். கப்பல் ஒரு பெரிய அபார்ட்மெண்ட் போலச் சுவராக நின்றது. கவுண்டர் மூட முக்கால் மணி நேரம்தான் இருந்தது. ஒருவர் வசந்தாவின் பெட்டிக்குக் கை நீட்டினார். விமான நிலையத்தில் என்னிடமே அதைக் கொடுக்காதவள் அவள். இப்போது, "அண்ணனோட ஆளுங்கதானே" என்று சொல்லிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, முனிரத்தினத்தின் பின்னால் உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வேனை நிறுத்துமிடத்தில் விட்டேன். தண்ணீர் குடித்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போனதுதான் மறுபடி மறுபடி கண்ணில் வந்தது. வெள்ளைக்காரர்கள் அப்படிப் போவது இந்த ஊரை நம்பி. அவள் போனது என்னை நம்பி. கதவைப் பூட்டக்கூட நினைவில்லாமல் ஓடினேன்.

கவுண்டர் முன்னால் முனிரத்தினம் சட்டைப்பை, பேண்ட் பை எல்லாவற்றையும் தடவிக்கொண்டிருந்தான். அதிகாரி நீட்டிய கையை மடக்காமல் இருந்தார். மற்ற டீலர்கள் ஒவ்வொருவராக அவர்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மும்பைப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் முனிரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "மச்சான் வந்துட்டாரு!" என்றான். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

நான் நிற்காமல் பெல்ட் பக்கம் போனேன். அங்கே இந்த ஊர் அதிகாரி ஒருவர் வழியை மறித்தார். பெட்டியைத் திருப்பிக் கேட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "பேக் பேக், சார்" என்றேன். பெட்டியில் என்ன என்று கேட்டார். சாமிக் காசு என்பதை எனக்கு வந்தபடி சொன்னேன்: "காட் மணி, சார். காட் மணி, பாஸ்போர்ட்." அவர் பெட்டிகளிலிருந்து இரண்டடி பின்வாங்கி, ரேடியோவில் வேறு யாரையோ கூப்பிட்டார். கள்ளப் பணமோ, வெடியோ என்று நினைத்தாரோ என்னவோ. நான் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அன்று அந்தக் கொட்டகை முழுவதும் கேட்கும்படி, "மை சிஸ்டர்! மை சிஸ்டர்!" என்று கத்தினேன். சுமைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அவருக்கு அரபியில் ஏதோ சொன்னார். பிறகுதான் விட்டார்கள். என் வண்டியில் வந்த பெட்டி. நூறு பெட்டிக்கு நடுவிலும் எனக்குத் தெரியும்.

கவுண்டர் ஓரத்தில் வைத்துத் திறந்தோம். அதிகாரி மஞ்சள் துணி மூட்டையை அவிழ்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். வசந்தா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கடல்ல போறதுக்கு நேந்து முடிஞ்சது. அவுக்கக் கூடாது. நான் கப்பலே ஏறல, போங்க." அழுதாள்.

"முடிச்ச தொட வாணாம். ஓரமா கிழி மச்சான்" என்றான் முனிரத்தினம்.

அட்டைக் கயிறு அறுக்கிற பிளேடு என் சட்டைப்பையில் இருந்தது. துணியை ஓரத்தில் ஒரு விரல் நீளம் கீறினேன். பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக வளைத்து உருவினேன். காசு உள்ளேயே இருந்தது. மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. அதிகாரி முத்திரை குத்தினார்.

மும்பைப் பெண் எரிச்சலோடு, யார் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைக்கச் சொன்னது என்று கேட்டாள். முனிரத்தினம் அதையே வசந்தாவிடம் கேட்டான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யாரும் சொல்லல. நான் வெக்கும்போது அண்ணன் கண்ணாடியில பாத்துக்கினுதான இருந்தாரு. தப்புன்னா சொல்லியிருப்பாரு. அதான் சரின்னு வெச்சேன்."

குற்றம் சொல்லவில்லை அவள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். முனிரத்தினம் என்னைப் பார்த்தான். அவன் புத்திசாலி. எல்லாம் புரிந்துவிட்டது. நான் பிளேடை மடக்கினேன், விரித்தேன், மறுபடி மடக்கினேன்.

வசந்தாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு அவன் என் பக்கத்தில் வந்தான்.

"வுடு மச்சான். லீவு முடிஞ்சி நீ திரும்பிப் போற ஒவ்வொரு வாட்டியும், உன்ன ஏர்போர்ட் உள்ள அனுப்பிட்டு வெளிய நின்னுக்கினு நான் இன்னா வேண்டிப்பேன் தெரியுமா? இவனுக்கு மட்டும் இன்னிக்கு பிளைட்டு வரக் கூடாது சாமின்னு." சிரித்தான். "ஒரு வாட்டிகூட கேக்கல அந்தாளு."

நான் பிளேடைச் சட்டைப்பையில் போட்டேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டு ஓடினான். அவனை மன்னித்துவிட்டேன் என்றோ, என் எரிச்சல் தீர்ந்துவிட்டது என்றோ எழுத மனம் ஒப்பவில்லை. இதை எழுதும்போதும் கொஞ்சம் இருக்கிறது. அவனுக்கும் இருந்தது என்று தெரிந்த பிறகு, அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது சற்று லேசாகியிருக்கிறது. அவ்வளவுதான்.

கப்பல் கிளம்பும்வரை வேனுக்குப் பக்கத்தில் நின்றேன். மேல்தளங்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் பேர் கரையைப் பார்த்துக் கையாட்டினார்கள். கரையில் அவர்களுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. நாங்கள்தான் இருந்தோம், சீருடை போட்ட சுமைக்காரர்களும் டிரைவர்களும். எங்களில் யாரும் பதிலுக்குக் கையாட்டுவது வழக்கமில்லை. எந்தப் புள்ளி வசந்தா என்று தெரியவில்லை. நான் கையைத் தூக்கினேன். இத்தனை காலமும் ஊர்தான் என்னை வழியனுப்பியது. அன்றுதான் ஊரை நான் வழியனுப்பினேன். கரையில் நிற்கிறவன், இருக்கிறவன், சொந்த மண்ணிலிருந்து அனுப்புகிறவன் போலக் கையாட்டினேன். காவலர் வந்து வேனின் மேல் தட்டி, இங்கே நிற்க எனக்கு அனுமதி இல்லை, எடு என்றார்.