நடுவில் வரும் வார்த்தை

சைதாப்பேட்டையிலிருந்து தினமும் மின்சார ரயிலில் மாம்பலம் வரும் சிம்ரா, தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் ஆன்லைன் ஆர்டர்களைக் கவனித்துவந்தாள். சாயம் போகிறது, புடவை வந்து சேரவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடுவதுதான் வேலை. கடையின் சிம்மை அவளுடைய சொந்த போனிலேயே போடச் சொல்லியிருந்தார் மேனேஜர் கிரீஷ். வீட்டில் சோறு பிசையும்போதும் அதில் யாராவது திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், பில் போடும் லாவண்யா ஒரு விளையாட்டு சொன்னாள். ‘நான்’ என்று டைப் செய்துவிட்டு, அடுத்து இதுவா என்று போன் காட்டும் மூன்று வார்த்தைகளில் நடுவில் இருப்பதையே தொட்டுக்கொண்டு போக வேண்டும். வருவதுதான் கவிதை.

லாவண்யாவுக்கு, ‘நான் பஸ்ல தோசை மாவு லவ் யூ அம்மா’ என்று வந்தது. சிம்ரா வயிறு வலிக்கச் சிரித்தாள். அவளுக்கு வந்தது இது:

நான் மன்னிக்கவும் மேடம்
எங்கள் தவறு மேடம்
மன்னிக்கவும் சார் உடனே
நான் தவறு மேடம்

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். லாவண்யா அதைப் படம் பிடித்து ஊழியர் குரூப்பில் போட்டாள். சிம்ரா ‘அம்மா’ என்று தொடங்கிப் பார்த்தாள். அடுத்த வார்த்தை ‘மன்னிக்கவும்’. சோற்று டப்பாவை மூடிவிட்டாள்.

சாயங்காலம் கிரீஷ் கடை கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் படத்தைக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார், ‘எங்கள் சிம்ராவின் கவிதை’ என்று. “கவிதை இருக்கட்டும், புடவை எங்கே?” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார்.

சிம்ரா நேராக அவர் மேஜைக்குப் போனாள்.

“இன்னா சார் இது? என்னைக் கேக்காம எதுக்குப் போட்டீங்க?”

“சும்மா தமாஷுக்கும்மா.”

“சாயம் போறது என்னாலயா சார்? உங்க சரக்குக்கு நான் மன்னிப்பு கேட்டுக் கேட்டு, எங்கம்மாக்கு மெசேஜ் போட்டாக்கூட அதே வருது. இதுல இன்னா தமாஷு கீது?”

“மெதுவா பேசு. கஸ்டமர்லாம் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். மொதல்ல அத எடுங்க.”

கிரீஷ் எடுத்தார். முகம் சிவந்திருந்தது. “எடுத்தாச்சு. கத்துனதுக்கு ஒரு சாரி சொல்லிட்டுப் போய் வேலையப் பாரு.”

“சொல்ல மாட்டேன் சார்.”

துப்பட்டாவில் குத்தியிருந்த குண்டூசியை உருவி, போனிலிருந்து சிம்மைக் கழற்றினாள். மேஜைமேல் வைத்தாள்.

மறுநாள் அவளை மாடியில் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை, கால் வீங்கிவிடுகிறது. சிம்முக்கென்று கடை ஒரு போன் வாங்கியது. கடை சாத்தியதும் அது கிரீஷின் டிராயரில் கிடக்கிறது. இத்தனை நாள் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

லாவண்யா மாடிக்கு வந்து, “சாரிடி, நான் குரூப்ல போட்டிருக்கக் கூடாது” என்றாள்.

“அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத. வந்து இந்தப் பெட்டியப் பிடி” என்றாள் சிம்ரா.

படிக்கட்டில் கிரீஷ் எதிரே வந்தால் அவள் ஒதுங்குவதில்லை. அவர்தான் சுவரோரம் நிற்கிறார்.