பேராசிரியையின் எட்டாம் விதி

ஞானேஸ்வரனுக்கு ஒரு புத்தகத்தில் இடம் உண்டு. பிரெஞ்சுப் புத்தகம். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தின் அடிக்குறிப்பில் 'ஞா., பாத்திரம் கழுவுபவர்' என்று இருக்கிறது. லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் அது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அவருக்குத் தெரிந்தது சமையலறைப் பிரெஞ்சு. அந்தப் பக்கத்தை மட்டும் வாசிக்க முடியும்.

எழுதியவர் சிமோன் லவாசூர் என்ற அரசியல் விஞ்ஞானி. ரொட்டிக் கடைக்காரரின் மகள். மற்றவர்கள் பாராளுமன்றங்களை ஆராய்ந்தபோது அவர் மீனவர் சங்கம், வாடகைக் குடியிருப்போர் குழு, தேவாலயப் பாடகர் குழு என்று அலைந்தார். 'அனைவரும் சம்மதித்தனர்' என்று எழுதப்படும் இடத்தில் உண்மையில் எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்பதே அவருடைய வாழ்நாள் கேள்வி.

பாரிஸில் ஞானேஸ்வரன் வேலை செய்த உணவகத்துக்கு அந்தப் பேராசிரியை மத்தியானங்களில் வருவார். இவருடைய ஊரில் வாசிகசாலைக்குப் பதவியாளரைத் தெரிவுசெய்யும் கூட்டம் எப்படி நடக்கும் என்று ஒருநாள் கேட்டார். பதவி வேண்டாம் என்று மூன்று தரம் சொல்ல வேண்டும், நாலாம் தரம் ஏற்க வேண்டும் என்றார் இவர். பேராசிரியை கரண்டியைக் கீழே வைத்தார்.

"உண்மையாகவே வேண்டாம் என்பவர் என்ன செய்வார்?"

ஞானேஸ்வரன் சொன்ன வழக்கம் புத்தகத்தில் ஏறியது. சொன்னவர் யார் என்பதுதான் அந்த அடிக்குறிப்பு.

லண்டனுக்கு வந்து, அங்குள்ள ஊர்க்காரர்களின் சங்கத்துக்குச் செயலாளரானார். பதினேழு வருடங்கள். ஒவ்வொரு வருடமும் மூன்று தரம் மறுத்து நாலாம் தரம் ஏற்றார். கூட்டக் குறிப்பைப் பேராசிரியைக்கு அனுப்புவார். இறக்கும்வரை அவரும் ஒரே கேள்வியைத் திருப்பி அனுப்பினார்: வேண்டாம் என்றவர் யார்?

போன வருடம், வேண்டாம் என்ற கிறிஸ்துராஜாவை வற்புறுத்தி விளையாட்டுச் செயலாளராக்கினார்கள். விளையாட்டு விழா நாளில் அவர் குடும்பத்தோடு ஸ்பெயினில் இருந்தார். கயிறிழுத்தல் போட்டிக்கான கயிறு அவருடைய பூட்டிய கராஜில் இருந்தது. அந்த ஆத்திரத்தில் ஞானேஸ்வரன் சங்கத்தின் விதித்தொகுப்பான யாப்பில் எட்டாவது விதியைச் சேர்த்தார்: ஒருவர் ஒரு தரம் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். வற்புறுத்தக் கூடாது. பேராசிரியையின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

இந்த வருடக் கூட்டம் தேவாலய மண்டபத்தில் நடந்தது. அடுத்த வருடம் சங்கத்துக்கு வெள்ளிவிழா. வழக்கப்படி செயலாளர்தான் வரவேற்புரை சொல்வார். ஞானேஸ்வரன் உரையை எழுதி முடித்துவிட்டார். அது அவருடைய மனைவி வசந்தமலருக்கு மட்டும் தெரியும்.

பழைய உறுப்பினர் சுந்தரராஜன் செயலாளர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிந்தார். ஞானேஸ்வரன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"பதினேழு வருசம் செய்திட்டன். இனி எனக்கு ஏலாது. வேறை ஆரும் வரட்டும்."

உட்கார்ந்து, இரண்டாம் தரம் கேட்பதற்காகக் காத்திருந்தார்.

தேர்தலை நடத்தியவள் மேனுஷா, சட்டத்தரணி. "சரி அங்கிள். விதி எட்டு. பேரை எடுக்கிறன்."

சுந்தரராஜன் பாதி எழுந்தார்.

"பிள்ளை, அவர் சும்மா சொன்னவர்," என்றார் சுந்தரராஜன்.

"சும்மா சொன்னதெண்டு குறிப்பிலை எப்பிடி எழுதுறது?"

பின்வரிசையிலிருந்து கிறிஸ்துராஜா சொன்னார்: "அண்ணை, இந்த விதி ஒரு வருசம் முந்தி வந்திருந்தா கயிறு என்ரை கராஜிலை கிடந்திராது."

எல்லோரும் சிரித்தார்கள். மேனுஷா சிரிக்கவில்லை. "அங்கிள், நீங்கள் எழுதின விதி. வேணுமெண்டால் மாத்துவம். சொல்லுங்கோ."

ஒரு சொல் போதும். வரவேற்புரை சட்டைப் பையில் இருந்தது. ஞானேஸ்வரனுக்குப் பேராசிரியை கீழே வைத்த கரண்டி ஞாபகம் வந்தது.

"வேண்டாம்," என்றார். "நான் சொன்னது சொன்னதுதான்."

அப்போது மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்திருந்த ஜெயகௌரி எழுந்தார். விமான நிலையத்தில் வேலை.

"எனக்கு விருப்பம்," என்றார்.

இப்படியொரு வசனத்தைச் சங்கம் கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டினார்கள். வாக்கெடுப்பில் அவரே செயலாளரானார்.

ஞானேஸ்வரன் பின்வரிசைக்குப் போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உந்த வரவேற்புரையை என்ன செய்யப்போறியள்?" என்று மெல்லக் கேட்டார் வசந்தமலர்.

"கௌரி வந்து கேட்டால் வாசிப்பன்."

"அவவுக்கு எப்பிடித் தெரியும், நீங்கள் எழுதி வைச்சிருக்கிறது?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"செயலாளர், வெள்ளிவிழாவுக்கு வரவேற்புரை செய்ய..." தொண்டையைச் செருமினார். "எனக்கு விருப்பம்."

ஜெயகௌரி எழுதிக்கொண்டார்.

"சரி அண்ணை. அஞ்சு நிமிசம்."

"பத்து."

"ஒரு தரம் சொன்னாச் சொன்னதுதான் அண்ணை."