பாதித் தலையும் மூன்றாம் பாகமும்

பாதி மழித்த தலையோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கிளிப்பர் காற்றில் நிற்கிறது. முடிவெட்டும் காட்டோ கேட்கிறார்: "சொல்லு, அந்த டிராகனுக்குப் புத்தகத்துல கண்ணு தெரியுமா, தெரியாதா?" உட்கார்ந்திருப்பவர் சிமெண்ட் வியாபாரி. டிராகனும் அறியார், புத்தகமும் அறியார். "தெரியாதுங்க" என்கிறார். விடை சரியாகப் போனது அவர் செய்த புண்ணியம். "பாத்தியா! குருடு! கிழடு! வாயத் திறந்தா நாறும்! படத்துல என்ன பண்ணி வெச்சிருக்கானுங்க? கல்யாணக் காரு மாதிரி பளபளன்னு!" மறுபாதித் தலை இதற்குப் பிறகுதான் மழிக்கப்படுகிறது.

புவைசே சந்தைக்குப் பின்னால், சாக்கடைமேல் போட்ட பலகையில் நடந்து போகவேண்டிய சலூன் அது. அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. காட்டோவிடம் முடிவெட்டிக்கொள்ள நிறையப் பொழுதும், மறுபேச்சு பேசாத குணமும் வேண்டும். ஒரு ஆசாமி மறுத்துப் பேசிவிட்டு, பாதித் தலையோடு எழுந்து போய்த் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

இத்தனை ரகளையும் ஒரு பனி ராஜ்யத்துக்காக. எந்தக் குளிர்தேசத்திலோ எவனோ எழுதிய, தலையணை தண்டிப் புத்தகங்கள் மூன்று. இரண்டு இளவரசர்கள், அண்ணன் தம்பி. முதல் பாகத்தில் தகப்பனைப் பறிகொடுக்கிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசியில் அண்ணன் குதிரையேறி, மலைக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் போய் மறைகிறான். இந்த இரண்டையும் காட்டோ பழைய டாக்ஸி ஸ்டாண்டு நடைபாதையில் வாங்கினார். ஒன்றுக்கு அட்டை இல்லை. இன்னொன்றின் நடுப்பக்கங்களை யாரோ கடலை மடிக்கக் கிழித்திருந்தார்கள். மூன்றாம் பாகம் அந்த நடைபாதைக்கு வரவேயில்லை. அது காட்டோ வெளியே மூச்சுவிடாத சங்கதி.

படங்கள் மட்டும் மூன்றும் வந்து சேர்ந்தன. வீடியோ கொட்டகையில் வீஜே கிவும்பி மைக்கைப் பிடித்து, ஆங்கிலப் பேச்சை அமுக்கிவிட்டு, ஊர் பாஷையில் கதை சொல்வார். அவர் வாயில் பனி ராணி சந்தையில் வெங்காயம் பேரம் பேசுவாள், ராஜா வாடகை மோட்டார் சைக்கிளில் போருக்குப் போவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். முன்பெஞ்சில் அக்குளில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு ஒருவர் மட்டும் எழுந்து நிற்பார். "பொய்! குதிரை கறுப்பு! புத்தகத்துல கறுப்புக் குதிரை!"

"உக்காருய்யா, மறைக்குது!" பின்னாலிருந்து கடலைத் தோல் பறந்துவரும்.

படக்காரர்களைப் பற்றி அவருடைய தீர்ப்பு மாறுவதே இல்லை. "புத்தகத்தோட அட்டையப் பாத்துட்டுப் படம் எடுத்திருக்கானுங்க. ராணி புத்தகத்துல நல்லாத் தின்னு வளந்தவ. குதிரையில ஏத்த மூணு பேர் வேணும். படத்துல? பசியில கெடக்குற கோழிக்குஞ்சு! சண்டை நடுவுல உதட்டுச் சாயம்கூட அழியல." ஆற்றைக் கடக்கப் புத்தகத்துக்கு நாற்பது பக்கம் ஆகிறது. படமோ ஒரு கடலையை உரித்து வாயில் போடுவதற்குள் கடந்துவிடுகிறது. "துணி நனையாம கரையேறுறானுங்க, வெக்கங்கெட்ட பயலுக!" புத்தகத்தில் தம்பிக்கு ஒரு விரல் போய்விடும். படத்தில் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. நடிகனின் கையழகு கெட்டுவிடக் கூடாதாம். இதைச் சொல்லும்போது காட்டோவுக்குத் தன் விரலே போய்விட்டது போலக் குரல் நடுங்கும்.

இவர் படிக்கிற லட்சணமோ தனி. புரியாத சொல் வந்தால் தாண்டிவிடுவார். வர்ணனை வந்தால் பக்கத்தோடு தாண்டுவார். படக்காரன் தாண்டினால்தான் துரோகம். அந்த நாற்பது பக்கத்தில் நீங்கள் எத்தனையைப் படித்தீர்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டியவரின் தலை அவர் கையில் இருக்கிறது.

அவர் வாயடைத்துப் போகிற இடங்களும் உண்டு. புதிதாக வந்த ஆள் யாராவது பெயரைக் கேட்டால் போதும், அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். அந்த ஊர் வழக்கப்படி இரட்டையில் பின்னால் பிறந்தவனுக்குக் காட்டோ என்று பெயர், முன்னால் பிறந்தவனுக்கு வாஸ்வா. "ஓ, காட்டோவா? வாஸ்வா எங்கே?" கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நலம் விசாரிப்பதுதான். இவருடைய அண்ணன் வாஸ்வா மக்காச்சோள மாவு லாரியோடு எல்லை தாண்டி ஜூபாவுக்குப் போனவர். அங்கே சண்டை மூண்டது. ஆளும் வரவில்லை, லாரியும் வரவில்லை, ஒரு சேதியும் வரவில்லை. காட்டோ கிளிப்பரை ஓடவிட்டு, அந்த இரைச்சலில் கேள்வியை அமுக்கிவிடுவார்.

இன்னொரு இடம், மூன்றாம் படம். அதன் கடைசியில் தம்பி மலையடிவாரத்தில் நிற்கிறான். பனிமூட்டத்திலிருந்து ஓர் உருவம் நடந்து வருகிறது. முகம் தெரிவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. வந்தது யாரென்று படக்காரன் சொல்லவில்லை. கிவும்பிதான் சொன்னார்: "அண்ணன்டா! அண்ணன் வந்துட்டான்டா! அடுப்புல மத்தோக்கே வாழைக்காய் ஏத்துங்க, கடலைக் குழம்பு வைங்க!" கொட்டகை விசிலடித்தது. காட்டோ எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் படம் போட்ட ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வந்து உட்கார்ந்தார். ஒருமுறைகூட 'பொய்' என்று கத்தவில்லை. அப்பாடா, மனுஷனுக்கு ஒரு படமாவது பிடித்துப் போச்சே என்று சனம் நினைத்துக்கொண்டது.

மொம்பாசா லாரி ஓட்டும் ஒக்கோத் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தான். "இந்தாண்ணே, நீ பீத்திக்கிற கதையோட மூணாவது. அங்க ரோட்டோரம் கெடந்துச்சு" என்று ஒரு கனத்த புத்தகத்தைக் கண்ணாடி முன்னால் வைத்தான். அன்றைக்கென்று பார்த்து, கழுத்தில் துணியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கிவும்பி.

"ஏன், இது உங்ககிட்ட இல்லையா?" என்றார் அவர்.

"இருக்கே. இது வேற அச்சு" என்றார் காட்டோ. அண்டப்புளுகு.

கிவும்பி இத்தனை வருஷம் கத்தல் கேட்டவர். சும்மா விடுவாரா? "நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை மூணாவதப் போடுறேன். கடைசியில மைக்கை உங்க கையிலயே தர்றேன். நான் எங்க பொய் சொன்னேன்னு சனத்துக்கு முன்னாடி சொல்லுங்க. சொல்லலைன்னா, என் கொட்டகையில இனிமே நீங்க வாயத் திறக்கக் கூடாது. சரியா காட்டோ அண்ணே?"

காட்டோ சலூனைப் பூட்டிக்கொண்டு படித்தார். இந்தமுறை எதையும் தாண்டவில்லை. புரியாத சொற்களைப் பக்கத்துத் தெரு டீச்சரம்மாவிடம் போய்க் கேட்டார். அந்தம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். கடைசிக்கு முந்திய பக்கத்தில் பனிமூட்டத்திலிருந்து அந்த உருவம் வந்தது. அது அண்ணன் இல்லை. அண்ணனின் குதிரைக்காரன். அவன் கையில் அண்ணனின் மேலங்கி. மலையில் எந்த மரத்தடியில் புதைத்தோம் என்பதைக்கூட விடாமல் எழுதித் தொலைத்திருந்தான் புத்தகம் எழுதிய அந்தப் படுபாவி.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. கிவும்பியின் மூக்கு அறுபடுவதைப் பார்க்கப் படமே பார்க்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். அறுபடும் என்று ஒக்கோத் எல்லோரிடமும் பந்தயம் கட்டியிருந்தான். மலையடிவாரம் வந்ததும் கிவும்பி சத்தத்தைக் குறைத்து, படத்தை அப்படியே நிறுத்தினார். திரையில் பனிமூட்டம், நடுவில் அந்த உருவம். மைக் கைமாறியது.

"சொல்லுங்கண்ணே. புத்தகத்துல இது யாரு?"

குதிரைக்காரன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் புவைசேயில் இவர் வைத்ததுதான் சட்டம். கிவும்பி மைக்கைத் தொடும்போதெல்லாம் சனம் சிரித்திருக்கும். குதிரையின் நிறத்துக்கே கொட்டகையை இரண்டாக்கிய மனுஷன் இவர்.

"புத்தகம் எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் காட்டோ.

"என்னது?" என்றான் ஒக்கோத், பாவம்.

"தப்புத் தப்பா எழுதியிருக்கான். அந்த ஆளு படத்தைச் சரியாப் பாக்கல."

அவ்வளவுதான். கூச்சலும் சிரிப்பும் தகரக் கூரையைப் பிய்த்தன. கடலைத் தோல் நாலு பக்கமும் பறந்தது. "தோத்துட்டாரு! காட்டோ தோத்துட்டாரு!" ஜெயித்த கிவும்பி பல்லெல்லாம் தெரிய மைக்குக்குக் கை நீட்டினார். காட்டோ அந்தக் கையைத் தட்டிவிட்டார். பெஞ்சுகளுக்கு நடுவே, மைக்கின் ஒயர் போகிற மட்டும் நடந்து, திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"எங்கடா போயிருந்தே, வாஸ்வா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லச் சொல்லி, முகமில்லாத அந்த உருவத்தின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்.