சூரியனுக்குக் காய்ச்சல்

ஒரு மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மேடையேறிப் பாட இருந்தார். நான் பொய் சொல்லி அதைத் தடுத்தேன். பொய்க்குச் சூரியனைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். நான் படித்த படிப்பு முழுக்கச் சூரியனைப் பற்றியது என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

அப்போது கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். ஜாதவ்பூர் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே, நம்மிடமிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு ஒரு விண்கலம் ஓயாமல் சூரியனைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. அதன் கேமராவில் சூரிய வட்டத்தை ஒரு சின்னத் தகடு மறைத்திருக்கும். அப்படி மறைத்தால்தான் சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான ஒளி தெரியும். சில நாட்களில் அந்த ஒளியிலிருந்து மின்னேற்றம் கொண்ட வாயு பெரிய மேகமாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அது பூமிப் பக்கம் வருகிறதா, வந்தால் எப்போது வந்து சேரும் என்று படங்களை வைத்துக் கணக்கிடுவது என் வேலை. படங்கள் இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். எங்கள் நிலையத்து இணைப்பின் வேகத்துக்கு, பல நாள் படத்துக்கு முன்னால் மேகமே வந்துவிடும்.

எங்களுக்கு நேர் கீழே முதல் மாடியில் இருந்தவர் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்பேன்; அவர் என்னை மோஷாய், அதாவது ஐயா, என்பார். ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு ஹார்மோனியம் வாங்கினார். காளி பூஜை முடிந்த வாரக் கடைசியில் எங்கள் தெருக் கிளப் ஒரு பாட்டு நிகழ்ச்சி வைக்கும். பல வருடம் கேட்டுக் கேட்டு, அந்த 2003-இல்தான் அவருக்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதம் அதே மூன்று பாட்டுகள் எங்கள் தரை வழியாக மேலே வந்தன. மூன்றாவது பாட்டில் ஓர் உச்ச ஸ்வரம் உண்டு. அதை அவர் நெருங்கும்போதெல்லாம் என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுக் காத்திருப்பாள். அவர் எட்டியதே இல்லை.

அந்த வாரம் பார்த்துச் சூரியன் வெறி பிடித்ததுபோல் வெடித்தது. பெரிய பெரிய கரும்புள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாக மேகங்கள். விண்கலத்தின் கேமராவில் துகள்கள் மோதிப் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்தது. என் துறைக்காரர்கள் உலகம் முழுவதும் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும், என் ஜன்னலுக்கு நேர் எதிரே கம்பத்தில் கிளப் பையன்கள் ஒலிபெருக்கி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளப் செயலாளர் ஒரு ஹோமியோபதி மருத்துவர். வெள்ளைப் புள்ளிப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன். சூரியனில் பெரிய புயல், நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் அது பூமியைத் தாக்கும், கம்பி வழியே மின்சாரம் பாய்ந்து ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகும், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் நல்லதில்லை என்றேன். சூரியனில் புயல் என்பது நிஜம். மற்றதெல்லாம் கதை. அந்தப் புயலால் எங்கோ துருவத்துப் பக்கம் மின்தடங்கள் பாதிக்கப்படலாம். பெஹாலாவிலிருந்து வாடகைக்கு வந்த ஆம்ப்ளிஃபயரை அது ஒன்றும் செய்யாது.

ஆனால் நான் சொன்னது அவருக்கு அப்படிக் கேட்கவில்லை. வங்காள மொழியில் புயலுக்கும் காய்ச்சலுக்கும் ஏறக்குறைய ஒரே சொல். புயலைச் சொல்லும்போது ஜ எழுத்துக்குப் பின்னால் வயிற்றிலிருந்து கொஞ்சம் காற்று வரவேண்டும். தமிழ் நாக்குக்கு அந்தக் காற்று வராது. பதினெட்டு வருடம் கொல்கத்தாவில் இருந்தும் எனக்கு வரவில்லை. சூரியனுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு மருத்துவர் கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

"எவ்வளவு டிகிரி?"

மேற்பரப்பில் சுமார் ஆறாயிரம், அதற்கு வெளியே பத்து லட்சத்துக்கு மேல் என்று நான் உண்மையைச் சொன்னேன்.

"உள்ளே கம்மி, வெளியே அதிகமா?" என்று யோசித்தார். "அப்ப இது தானா இறங்கிடும். ரெண்டு நாள் தொந்தரவு பண்ணாம விடணும்."

எந்தக் கட்டுரைக்கும் இவ்வளவு சீக்கிரம் எனக்கு ஒப்புதல் கிடைத்ததில்லை. நிகழ்ச்சியன்று காலையில் கிளப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மனைவி மீன் மார்க்கெட் பக்கம் காய் வாங்கப் போனவள் படித்துவிட்டு வந்தாள். அவள் வங்காளம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

"ஏங்க, சூரியனோட உடல்நலக் குறைவு காரணமா இன்னிக்கு நிகழ்ச்சி ரத்துன்னு போட்டிருக்கு. என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு, தாதாவின் மகள் இந்தப் பாட்டைக் கேட்கவென்றே டெல்லியிலிருந்து வந்திருக்கிறாள், நாளை சாயங்காலம் ரயில், அது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதுவும் பொய். ஹார்மோனியத்தோடு சேர்ந்து அந்தச் செய்தியும் தரை வழியாக வந்திருந்தது.

மாலையில் தாதா மேலே வந்தார். கஞ்சி போட்ட குர்தா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மோஷாய், மைக்தானே பிரச்சனை? மைக் இல்லாமப் பாடறேன். முன்வரிசைக்குக் கேட்டாப் போதும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேடையைத் திறந்துடுவாங்க."

அந்த இடத்திலாவது நான் விட்டுக் கொடுத்திருக்கலாம். செயலாளரிடம் சொன்ன பொய்யைக் கோபத்தில் சொன்னேன். இவரிடம், முதல் பொய் கலைந்துவிடக் கூடாதே என்று நிதானமாக யோசித்துச் சொன்னேன்: மேடையில் விளக்குகள் இருக்கின்றன, அவையும் மின்சாரம்தான், ஆபத்து. அவர் தலையாட்டினார். சூரியனுக்குச் சீக்கிரம் குணமாகட்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு கீழேயிருந்து சத்தமே வரவில்லை. நான் ஆசைப்பட்ட அமைதி கிடைத்தது. அந்த அமைதியில் உட்கார்ந்து கணக்கிட்டேன். மேகம் நான் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது.

அடுத்த வருடம் பரிகாரம் தேடிக் கிளப்புக்குப் போய், தாதாவுக்கு இருபது நிமிடம் கொடுங்கள் என்றேன். கிளப் இளைஞர்கள் கைக்கு மாறியிருந்தது. ட்ரம்ஸ் வைத்த பிறகு மேடையில் ஹார்மோனியத்துக்கு இடமில்லை என்றார்கள். ஆலோசகராக மட்டும் இருந்த மருத்துவரிடம் போய், போன வருடம் நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர் நம்பவில்லை. நம்பியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டது நான். ஒரு டாக்டர் சும்மா கையெழுத்துப் போடுவானா? சூரியனுக்கு உடம்பு சரியில்லாமத்தான் இருந்தது."

கடைசியில் தாதாவிடமே போனேன். அதற்குத் துணிய இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. டீயும் பிஸ்கட்டும் வந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் பிஸ்கட்டை டீயில் முக்கினார். அது ஊறி உள்ளே விழுந்தது.

"என் பொண்ணு ஆபீஸ் முழுக்கச் சொல்லி வச்சிருக்கா, எங்கப்பா பாட வேண்டிய அன்னிக்குச் சூரியனே படுத்துடுச்சுன்னு. இப்ப போன் போட்டு, இல்லம்மா, மேல் மாடி மதராசிதான்னு சொல்லணுமா?"

அவர் கரண்டியால் டீயைத் துழாவினார்.

"மைக் இல்லாமப் பாடறேன்னு கேட்டேனே மோஷாய். அப்பச் சொன்னதுமா பொய்?"

"ஆமாம் தாதா."

எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு நானே கதவைச் சாத்திக்கொண்டு மேலே வந்தேன். அப்புறம் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினார். குளிர்காலம் முழுவதும் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் புருஷனைக் கீழே வரச் சொல்.

போனேன். என்னை ஹார்மோனியத்துக்கு நேர் எதிரே பாயில் உட்காரச் சொன்னார். மூன்று பாட்டுகளையும் பாடினார். உச்ச ஸ்வரம் வந்தபோது அண்ணாந்து முயன்றார், இருமினார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முடித்ததும், "அடுத்த ஞாயிறும் வாங்க" என்றார். அது அழைப்பா தண்டனையா என்று நான் கேட்கவில்லை. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும் வரை ஊரிலிருந்த ஞாயிறெல்லாம் போனேன். அவர் பாட்டு எனக்குப் பிடித்துவிட்டது என்று எழுதினால் இதிலும் ஒரு பொய் சேரும். ஆனால் சுருதி விலகும் இடங்களெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகி, அவர் அவற்றை நெருங்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஒரு பூஜை விடுமுறைக்கு மகள் டெல்லியிலிருந்து வந்தாள். டேப் ரிக்கார்டரை வைத்து அப்பாவின் மூன்று பாட்டுகளையும் பதிவு செய்தாள். நானும் என் மனைவியும்தான் சபை. ஒவ்வொரு பாட்டுக்கும் கை வலிக்கத் தட்டினேன்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அவள் போன் செய்தாளாம். ரிக்கார்டருக்குப் பக்கத்தில் அந்த அங்கிளை யார் உட்கார வைத்தது, உச்ச ஸ்வரத்தின்போது அவர் கைதட்டல்தான் கேட்கிறது, பாட்டே கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். தாதா இதை என்னிடம் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் முன்கூட்டியே தட்டியது ஏன் என்று கேட்டார்.

சுருதி விலகுவது பதிவாகிவிடக் கூடாதே என்று தட்டியதைச் சொல்லாமல், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தேன் என்றேன். அதையாவது அவர் நம்பியிருக்க வேண்டாம்.