அப்படி ஒரு ஆளே இங்க இல்லீங்கய்யா!

அறுபதுகளோட ஆரம்பத்துல நடந்தது இது. திண்டுக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ்ல சரக்கு ரசீது எழுதுற வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். சொந்த ஊர் சேவுகம்பட்டிக்குப் பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின மிதப்போட போய்ச் சேர்ந்த முதல் வேலை.

ஆபீஸ்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. ஒரு தகரக் கொட்டகை, மேனேஜருக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு ஸ்டூல், சுத்தி வெங்காய மூட்டையும் புகையிலைச் சிப்பமும் தோல் கட்டும். அவ்வளவுதான். முதலாளி மதுரையில இருந்தார், எப்பவாவது வந்து எல்லாரையும் ஒரு சத்தம் போட்டுட்டுப் போவார். மூட்டை ஏத்தி இறக்குறவங்க ஏழெட்டுப் பேர். அவங்களுக்குத் தலைவர் மாதிரி சாணார்பட்டிக்கார அண்ணன் ஒருத்தர் இருந்தார். முரட்டு மீசை, அதைவிட முரட்டுக் குரல். மத்தியானம் நான் பேப்பரைச் சத்தமா வாசிப்பேன், அவங்க கேட்டுக்கிட்டே சாப்பிடுவாங்க. என் ரூம்ல நானே பொங்கிக் குழைச்ச சோத்துக்கு அவங்க தூக்குச்சட்டியில இருந்துதான் தொட்டுக்க வெஞ்சனம் வரும்.

லாரித் தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. காக்கிச் சட்டைக்காரர் வந்து என்ன கேட்டாலும் முதல் பதில் "தெரியாதுங்கய்யா"தான். மணி என்னன்னு கேட்டாக்கூட அதே பதில்தான் வரும். ஓவர்லோடு கேஸுக்குப் பயந்து பயந்து வந்த பழக்கம். நானும் அதைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனேன். அப்பா கிணத்துப் படியில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டுக் கட்டிலில் கிடந்தார். தோட்டத்துல கத்தரியும் மிளகாயும் தண்ணி இல்லாம வாடிக்கிட்டிருந்துச்சு. மாட்டைப் பூட்டித் தண்ணி இறைக்கிற கமலையை ஓட்ட ஆளில்லை. ரெண்டு நாள் பார்த்துட்டுப் போகலாம்னு நின்னேன். ரெண்டு நாள் ஒரு வாரமாச்சு, ஒரு வாரம் மாசமாச்சு. ஆபீஸுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். இன்னைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு தள்ளித் தள்ளி, அப்புறம் இம்புட்டு நாள் கழிச்சு என்னத்தைச் சொல்லி எழுதுறதுன்னு வெக்கமாப் போச்சு. எழுதவே இல்லை.

அதுக்கு முன்னாடியே மின்சார இலாகாவுல குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டு, பரீட்சையும் எழுதியிருந்தேன். அப்பா நடக்க ஆரம்பிச்ச சமயத்துல, நான் தேர்வாகியிருக்கேன், போலீஸ் விசாரணை முடிஞ்சதும் உத்தரவு வரும்னு தகவல் வந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் தலைகால் புரியல. எங்க வம்சத்துலயே யாரும் கவர்மெண்டு சம்பளம் வாங்கினதில்லை. விசாரணைக்குன்னு அனுப்பின பாரத்துல, முன்னாடி எங்கே வேலை பார்த்தேன்னு கேட்ட இடத்துல லாரி ஆபீஸைத்தான் எழுதியிருந்தேன்.

ஊருல வந்து விசாரிச்சாங்க. மணியக்காரர் நல்லபடியாச் சொன்னார். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் தோட்டத்துல நிக்கிறேன், வரப்பு மேல வேர்த்து விறுவிறுக்க அந்தச் சாணார்பட்டி அண்ணன் வாரார்! பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்கார். எனக்கு ஒரே ஆச்சரியம். வாங்கண்ணேன்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள என் கையைப் பிடிச்சு இழுத்து, தென்னை மறைவுக்குக் கூட்டிட்டுப் போய்க் காதுல சொன்னார்.

"ஏலே அப்பு, போலீசு உன்னைத் தேடுது. நேத்து ஏட்டய்யா வந்து உன் பேரு, ஊரு, தகப்பன் பேரு எல்லாம் சொல்லிக் கேட்டாரு. நாங்க ஒருத்தரும் காட்டிக் குடுக்கல. அப்படி ஒரு ஆளே இங்க இல்லீங்கய்யா, எந்தக் காலத்துலயும் வேலை பாத்ததில்லேன்னு சாதிச்சுப்புட்டோம். மேனேஜரும் ஆமாம்னு தலையாட்டிட்டாரு. நீ இன்னைக்கே கெளம்பி மூணாறுக்குப் போயிரு. என் மச்சினன் அங்க தேயிலைத் தோட்டத்துல இருக்கான். கொஞ்ச நாளைக்கு அங்கனயே கெட."

சொல்லிட்டு மீசையைத் தடவிக்கிட்டு என்னைப் பார்த்தார். முகத்துல அம்புட்டுப் பெருமை.

எனக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு வந்துச்சு. வேலை பார்த்ததா நான் எழுதிக் கொடுத்த இடத்துலயே அப்படி ஒருத்தன் கிடையாதுன்னு சொல்லிட்டா, நான் பொய் எழுதினவன்னுதானே ஆகும்? கைக்கு வந்த வேலை போச்சேன்னு அங்கேயே உக்கார்ந்துட்டேன். "அண்ணே, அது என்னைப் பிடிக்க வந்த போலீசு இல்லண்ணே. கவர்மெண்டு வேலைக்கு விசாரிக்க வந்தது"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுகை வந்துருச்சு. அண்ணன் தலையில கையை வச்சுக்கிட்டு எதிர்ல உக்கார்ந்தார். "அடப்பாவி மக்கா, நல்லது பண்றோம்னு நெனச்சு உன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டோமே!"ன்னு அவர் போட்ட சத்தத்துல அம்மாவே வீட்டுல இருந்து ஓடி வந்துட்டாங்க.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நானும் அண்ணனும் திண்டுக்கல் போனோம். விஷயம் கேட்டதும் கொட்டகையில எல்லாரும் திகைச்சுப் போய் நின்னாங்க. மேனேஜர் பயந்த சுபாவம். கையில எடுத்த பொடி மூக்குக்குப் போகாம அப்படியே நின்னுச்சு. "போலீசுகிட்டப் பொய் சொன்னேன்னு நானே போய்ச் சொல்லணுமா? உள்ள தூக்கிப் போட்டா என் புள்ளைகுட்டி என்னாகும்? என்னால முடியாதுப்பா"ன்னுட்டார். அவரைத் தப்புச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அண்ணன் தோள்ல கிடந்த துண்டை உதறிக்கிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். பாதி லோடு ஏத்தின லாரியை அப்படியே விட்டுட்டு மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க.

ஸ்டேஷன் வாசல்ல நிக்கும்போது திரும்பிப் பார்த்தா, மேனேஜர் சட்டைப் பொத்தானை மாட்டிக்கிட்டே வேக வேகமா வந்துக்கிட்டிருந்தார்.

விசாரணைக்கு வந்த அதே ஏட்டய்யாதான் உள்ளே இருந்தார். எங்க கூட்டத்தைப் பார்த்ததும் என்ன கலாட்டான்னு எழுந்துட்டார். அண்ணன் என்னை முன்னால தள்ளி, நீங்க கேட்ட பையன் இவன்தாங்க, எங்ககிட்டத்தான் வேலை பார்த்தான்னு சொன்னார்.

"முந்தாநாள் வரைக்கும் தெரியாதவன் இன்னைக்கு எப்படிய்யா தெரிஞ்சான்?"

"அன்னைக்குச் சொன்னது பொய்ங்கய்யா. இன்னைக்குச் சொல்றதுதான் நெசம்."

"நாளைக்கு வந்து என்ன சொல்லப் போற?"

அப்புறம் ஏட்டய்யா பிடிச்சார் பாருங்க ஒரு பிடி. சர்க்கார் விசாரணையில விளையாடுறீங்களா, அத்தனை பேரையும் உக்கார வச்சா என்ன பண்ணுவீங்கன்னு அவர் போட்ட போடுல மேனேஜர் அண்ணன் முதுகுக்குப் பின்னாடி ஒதுங்கிட்டார். ஏன்யா பொய் சொன்னேன்னு கேட்டதுக்கு அண்ணன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "இவன் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்கய்யா. என்னமோ பண்ணிட்டுத்தான் ஓடிட்டான்னு நெனச்சோம்"ன்னார்.

"அப்போ திருட்டுப் பயன்னு நெனச்சுக்கிட்டேதான் காப்பாத்துனியா?"

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். "திருடுனா மட்டும் நம்ம பயல் இல்லேன்னு ஆயிருமாங்கய்யா?"

ஏட்டய்யா சிரிச்சார். வயிறு குலுங்கச் சிரிச்சார். சிரிச்சு முடிச்சிட்டு என் பக்கம் திரும்பி, ஏன்டா சொல்லாமப் போனேன்னார். அப்பா கால் ஒடிஞ்சதைச் சொன்னேன். "அதை இவங்ககிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"ன்னு கேட்டார். சுத்தி நின்ன எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு மேனேஜர் மெதுவாக் கேட்டார். அவ்வளவு பயத்துலயும் அவருக்கு அது கேக்கத் தோணியிருக்கு.

நல்ல காலம், இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்ததால ரிப்போர்ட்டு கையெழுத்தாகாம அவர் மேஜை மேலயே கிடந்துச்சு. ஏட்டய்யா அதை எடுத்துட்டு வந்து ஓரமா வச்சுட்டு, மேனேஜரை உக்கார வச்சு முதல்ல இருந்து விசாரிச்சு எழுதினார். பையன் எப்படின்னு கேட்டப்போ மேனேஜரை முந்திக்கிட்டு நாலஞ்சு குரல் பதில் சொல்லுச்சு. ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்கய்யான்னு அதட்டினார்.

வெளியே வந்ததும் போன உயிர் திரும்பின மாதிரி இருந்துச்சு. எல்லாரும் டீக்கடையில நின்னு சிரிச்ச சிரிப்புல கடைக்காரரே என்ன விசேஷம்னு கேட்டார். அண்ணன் மட்டும் சிரிக்கலை. "படிச்ச புள்ள, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமுல்ல. உனக்கு என்னாச்சோ ஏதாச்சோன்னு எம்புட்டு நாள் பேசிக்கிட்டுக் கெடந்தோம் தெரியுமா?"ன்னார். ஏட்டய்யா திட்டினதுல வராத கண்ணீர் அப்போ வந்துச்சு.

வேலை உத்தரவு சீக்கிரமே வந்துருச்சு. அந்தச் சம்பளத்துலதான் தங்கச்சி கல்யாணம் நடந்துச்சு, என் பிள்ளைங்க படிச்சாங்க. எத்தனையோ ஊருக்கு மாத்தலாகிப் போனேன். நான் நேர்மையானவன்னு மெச்சி எழுதின அதிகாரிகள் நிறையப் பேர். ஆனா நான் தப்பே பண்ணியிருப்பேன்னு நெனச்ச பிறகும், வேகாத வெயில்ல வரப்பேறி என்னைத் தேடி வந்தவர் அந்த அண்ணன் ஒருத்தர்தான். அப்பேர்ப்பட்ட மனுஷங்ககிட்டச் சொல்லிக்காமப் போனேனேங்கிறதுதான் இன்னைக்கும் ஆற மாட்டேங்குது.